மேஜை விரிப்பில் இலை நீலமாவதேன்?

1940களின் தொடக்கத்தில் வீரா நியூமன் என்ற ஓவியரும் அவருடைய கணவர் ஜார்ஜும் நியூயார்க் நகரில் தங்கள் சிறிய குடியிருப்பிலேயே துணிகளில் ஓவியம் அச்சிடும் தொழிலைத் தொடங்கினர். தனிப் பட்டறை கிடையாது. சமையலறை மேஜைதான் பட்டறை. மேஜையின்மேல் எவ்வளவு பெரிய அச்சுச் சட்டத்தை வைக்க முடியுமோ அவ்வளவுதான் அச்சின் அளவு. அதற்குள் அடங்கும் பொருள் எது? மேலைநாட்டார் உணவு மேஜையில் ஒவ்வொருவர் தட்டுக்கும் அடியில் போடும் சிறிய லினன் விரிப்பு. வீரா அதைத் தேர்ந்தெடுத்துப் பூக்களையும் இலைகளையும் பழங்களையும் அதில் அச்சிட்டார். பி. ஆல்ட்மன் என்னும் பெரிய கடை அவற்றை வாங்க முன்வந்தது. போரினால் லினன் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எஞ்சிய பாராசூட் பட்டு அவர் கண்ணில் பட்டது. அதில் கழுத்துக்குட்டைகளை அச்சிடத் தொடங்கிப் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றார்.

அதே போர் ஸ்வீடன் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. அங்கே லிஸ்பெட் யோப்ஸ், கோக்கன் யோப்ஸ் என்ற சகோதரிகள் மட்பாண்டக் கலைஞர்கள். மண்பாண்டத்துக்குப் பளபளப்பூட்டும் பூச்சுக்கான பொருள்கள் போர்க்காலத்தில் கிடைக்கவில்லை. ஆகவே பாண்டத்தில் தீட்டிய காட்டுப் பூக்களை அவர்கள் துணிக்கு மாற்றினர். அவர்களுடைய சகோதரர் பேர் யோப்ஸ் 1944-இல் லெக்சாண்டு அருகே வெஸ்டான்விக் கிராமத்தில் கையச்சுப் பட்டறை அமைத்தார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமின் என்.கே. பேரங்காடியில் அந்தத் துணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவ்வாறு ஒருவர் லினனை விட்டுப் பட்டுக்குப் போக, மற்றவர்கள் மண்ணை விட்டு லினனுக்கு வந்தனர்.

இந்த விரிப்புகள் இன்று பழம்பொருள் சேகரிப்போரிடம் மதிப்புப் பெற்றுள்ளன. பலர் அவற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். ஆனால் நெடுநாள் வெளிச்சம் பட்ட அச்சுத்துணிகளில் ஒரு விந்தையைக் காணலாம்: பச்சையாக அச்சிட்ட இலைகள் நீலமாக மாறிவிடுகின்றன. வெளுத்துப் போவது நமக்குப் புரிகின்றது. வேறு நிறமாக மாறுவானேன்? இதற்கு விடைகாண, இலை துணியில் எப்படி ஏறுகின்றது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளித் தண்டின் நார்

முதலில் துணி. லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார். இதன் விதையைத்தான் நாம் ஆளி விதை என்கின்றோம். சணலைப் போலவே தண்டை ஊறவைத்து, அழுகச் செய்து, நாரைப் பிரிக்கின்றனர். (கரூரிலிருந்து ஏற்றுமதியாகும் மேஜை விரிப்புகளையும் வணிகர் 'டேபிள் லினன்' என்பர். அவை பெரும்பாலும் பருத்தி. பெயர் மட்டும் பழைய நாரினுடையது.)

பருத்தியும் ஆளி நாரும் செல்லுலோஸ்தான். ஆனால் ஆளி நாரில் செல்லுலோஸ் மூலக்கூறுச் சங்கிலிகள் நாரின் நீளவாட்டத்தில் மிக ஒழுங்காக, நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. இதனால் மூன்று பண்புகள் விளைகின்றன. நார் மிக வலுவானது. நனைந்தால் இன்னும் வலுவடைகின்றது. எளிதில் நீளாது, 2 அல்லது 3 விழுக்காடு நீண்டதுமே அறுந்துவிடும். மூன்றாவது, நெருக்கமான அடுக்கினுள் சாயம் புகுவது கடினம்.

இரண்டாவது பண்பு அச்சுக்காரருக்கு வரம். நாலு நிறத்தில் ஒரு பூவை அச்சிட வேண்டுமானால் நாலு முறை ஒரே இடத்தில் அச்சு விழவேண்டும். இடையில் துணி ஒரு மில்லிமீட்டர் இழுபட்டாலும் இதழ் ஓரிடத்தும் அதன் நரம்பு வேறிடத்துமாகப் போய்விடும். மேஜையில் ஒட்டி விரித்த லினன் அப்படி அசைவதில்லை. அதே பண்பு விரிப்பைப் பாதுகாக்கும்போது சாபமாகவும் மாறுகின்றது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

திருமண அழைப்பிதழுக்கும் பனியனுக்கும் நம் ஊர்களில் செய்யும் ஸ்கிரீன் பிரிண்டிங் பலருக்குத் தெரிந்ததே. மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டுகின்றனர். முன்னாளில் அது பட்டு. பின்னர் நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. அச்சு விழக்கூடாத இடங்களில் வலைக் கண்களை அடைத்துவிட்டு, துணிமேல் சட்டத்தை வைத்து, சாயக் குழம்பை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தால், திறந்திருக்கும் கண்களின் வழியே குழம்பு இறங்குகின்றது. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம்.

கண்களை அடைக்கும் முறைகளுள் ஒன்று அழகானது. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலாட்டினை வலைமீது பூசி, கருமையாக வரைந்த படத்தை மேலே வைத்து ஒளியில் காட்டுகின்றனர். ஒளி பட்ட ஜெலாட்டின் கெட்டியாகி நீரில் கரையாது. படத்தின் நிழல் விழுந்த இடம் கரைந்து ஓடிவிடும். இலையின் நிழல் இவ்வாறு வலையில் இலை வடிவத் திறப்பாகி விடுகின்றது. ஒளி இந்தக் கதையில் முதலில் நண்பனாகத்தான் வருகின்றது.

இப்போது சாயக் குழம்பைப் பார்ப்போம். அது இரண்டு முரண்பட்ட கட்டளைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். வலைக் கண் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதன் வழியே இறங்க வேண்டுமானால் குழம்பு எளிதில் ஓட வேண்டும். துணியில் விழுந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இலையின் விளிம்பு கசிந்துவிடும். ஏனெனில் நூலிழைகளுக்கு இடையே உள்ள சந்துகள் அனைத்தும் நுண்புழைகள். திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை சாயத்தை இழுக்கின்றன.

நுண்புழையில் திரவம் பரவும் தொலைவு, காலத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்திலும், பாகுநிலையின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். வெறும் சாயநீர் குறிப்பிட்ட நேரத்தில் 10 மில்லிமீட்டர் பரவுவதாகக் கொள்வோம். மாவுப்பொருளோ பிசினோ கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டோ சேர்த்து அதன் பாகுநிலையை 1000 மடங்கு ஆக்கினால், பரவும் தொலைவு ஏறத்தாழ 32-இல் ஒரு பங்காக, அதாவது 0.3 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். புல்லின் நுனிகூடக் கூராக நிற்கும்.

ஆனால் இவ்வளவு கெட்டியான குழம்பு வலைக்குள் எப்படி இறங்கும்? இதற்கு விடை தோசைக்கல்லில் இருக்கின்றது. கரண்டியால் தேய்க்கும்போது மாவு இளகி வட்டமாக விரிகின்றது. கரண்டியை எடுத்ததும் போட்ட கோடு அப்படியே நிற்கின்றது. கல்லின் சூடுதான் காரணம் என்று எண்ணவேண்டாம். குளிர்ந்த தட்டில் செய்து பார்த்தாலும் அப்படியே நிகழும். தேய்க்கும் வேகம் கூடக்கூடப் பாகுநிலை குறைந்து, விட்டதும் மீண்டும் கூடும் பாகுகள் இவை. நீளமான சங்கிலி மூலக்கூறுகள் ஓய்வில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. இழுக்கும்போது இழுப்பின் திசையில் படிந்து ஒன்றையொன்று வழுக்கிச் செல்கின்றன. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரும்புக் குண்டைப் போட்டு நாம் பாகுநிலை அளக்கும் விளக்கெண்ணெய் இப்படிப்பட்டதன்று. மெல்லத் தேய்த்தாலும் வேகமாகத் தேய்த்தாலும் அதன் பாகுநிலை ஒன்றுதான். விளக்கெண்ணெயில் சாயம் கலந்து பூ அச்சிட முனைந்தால் வலையைத் தாண்டிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டையை இழுக்கும் கைக்குத்தான் இங்கே வேலை. அழுத்தம் கூடினால் சாயம் கூடுதலாக இறங்கும். வேகம் மாறினால் நிறம் மாறும். அகலமான துணிக்கு மேஜையின் இருபுறமும் இருவர் நின்று பட்டையைக் கைமாற்றிக் கொள்வர். ஒரே துணியில் வடிவம் தொடர்ந்து வரவேண்டுமானால் 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அச்சிட்டுக்கொண்டே போய், அவை காய்ந்தபின் 2, 4, 6 ஆகியவற்றை நிரப்புவர். ஈரத்தின்மேல் சட்டம் படக்கூடாதல்லவா! கையச்சில் இரண்டு விரிப்புகள் முழுக்க ஒன்றுபோல் இராததற்குக் காரணம் கைதான். 1963-இல் ஹானோவர் கண்காட்சியில் ஸ்டோர்க் நிறுவனம் உருளைத் திரை இயந்திரத்தைக் காட்டியபின், பெருமளவு அச்சில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லாது போயிற்று. இயந்திரத் துணி மட்டமானது என்று சொல்ல நான் தயாரில்லை. அதன் விளிம்பு கையச்சைவிடச் சீரானது. சேகரிப்போர் கையச்சைத் தேடுவது சீருக்காக அன்று.

ஏழு நிறத்துக்கு மூன்று சட்டம்

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் என்றால் செலவு ஏறும். ஆகவே ஓவியர்கள் ஒன்றன்மேல் ஒன்றை அச்சிட்டனர். மஞ்சள், நீலம், சிவப்பு என்ற மூன்று சட்டங்கள் போதும். தனித்தனியே மூன்று நிறம், இரண்டிரண்டாக மேவியதில் மூன்று, மூன்றும் மேவியதில் ஒன்று: ஆக 7. நாலு சட்டமானால் 15. பூவின் வெண்மைக்குச் சட்டமே வேண்டாம்; துணியை அச்சின்றி விட்டால் அதுவே வெள்ளைப் பூ.

மஞ்சளின்மேல் நீலம் விழுந்தால் பச்சை. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். காரணம், இவை ஒளி ஊடுருவும் சாயங்கள். மஞ்சள் சாயம் ஏறத்தாழ 500 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட நீல, ஊதா ஒளியை உட்கவர்கின்றது. நீலச் சாயம் 600-க்கு மேற்பட்ட ஆரஞ்சு, சிவப்பு ஒளியை உட்கவர்கின்றது. இரண்டுக்கும் தப்பி, வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருவது நடுவில் உள்ள பச்சை மட்டுமே. ஆகவே துணியில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இரண்டு சாயங்கள் காவல் நிற்கின்றன. அவை விட்டு வைத்ததே பச்சை.

இனி நீல இலையின் காரணம் ஓரளவு தெரிந்திருக்கும். இரு காவலருள் மஞ்சள் முதலில் வீழ்ந்தால், நீல, ஊதா ஒளியும் தப்பி வந்துவிடும். இலை நீலமாகத் தோன்றும்.

ஒளியின் கணக்கு

சாயங்கள் எல்லாம் ஒளியை ஒரே அளவில் தாங்குவதில்லை. நீலக் கம்பளித் துண்டுகளை அளவுகோலாகக் கொண்டு ஒளித் தாங்கும் திறனை 1 முதல் 8 வரை தரம் பிரிக்கின்றனர். ஒவ்வொரு தரமும் முந்தையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தாங்கும். 1935-இல் சந்தைக்கு வந்த தாலோசயனின் நீலம் இந்த வரிசையின் உச்சியில் நிற்பது. பல மஞ்சள் சாயங்கள் அதைவிடப் பல படி கீழே. 1901-இல் ரெனே போன் கண்டுபிடித்த இண்டாந்திரீன் நீலத்தின் வழிவந்த சாயவகை ஒளியையும் சலவையையும் நன்கு தாங்கும். 1956-இல் ஐ.சி.ஐ. நிறுவனம் வெளியிட்ட புரோசியான் சாயங்கள் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பே கொள்வதால் துவைத்தால் போகா. ஆனால் துவைப்பைத் தாங்குவது வேறு, ஒளியைத் தாங்குவது வேறு. இதைப் பலர் குழப்பிக் கொள்கின்றனர்.

ஒளி ஃபோட்டான்களாக வருகின்றது. 700 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானின் ஆற்றல் 1.8 எலெக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதாவுக்கு 3.1, 300 நானோமீட்டர் புறஊதாவுக்கு 4.1. கார்பன் அணுக்களுக்கு இடையேயுள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 தேவை. ஆகவே புறஊதாவே கொடியது. ஆனாலும் கண்ணுக்குப் புலனாகும் ஒளி தீங்கற்றது என்று எண்ணக்கூடாது. சாயத்தின் வேலையே அந்த ஒளியை உட்கவர்வதுதானே! உட்கவர்ந்து கிளர்ச்சியுற்ற மூலக்கூறு காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து சிதைய வாய்ப்புண்டு. ஃபோட்டான்களுள் ஆற்றல் மிக்க நீலத்தையும் ஊதாவையும் வாங்கிக்கொள்வது மஞ்சள் சாயமே என்பதையும் நினைவிற்கொள்க. சில மஞ்சள், ஆரஞ்சுச் சாயங்கள் ஒருபடி மேலே சென்று, தாம் உண்ட ஆற்றலை நாருக்கே கடத்தி நாரை நொறுங்கச் செய்கின்றன. அத்தகைய துணியில் மஞ்சள் பூ இருந்த இடம் வலுவிழந்து கிழிந்துவிடும்.

சேதத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: ஒளிச்செறிவை நேரத்தால் பெருக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கல் ஒளியையே அனுமதிக்கின்றன. நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. இதை ஓர் அருங்காட்சியக ஆண்டு என்போம்.

300 லக்ஸ் வெளிச்சமுள்ள அறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய விரிப்பு நாளுக்கு 10 மணி வெளிச்சம் வாங்கினால், ஆண்டுக்கு 10,95,000 லக்ஸ்-மணி. அதாவது 9 அருங்காட்சியக ஆண்டுகள். மாலை விளக்கொளியில், 150 லக்ஸில், நாளுக்கு ஒரு மணி நேரம் உணவு மேஜையில் விரித்துவிட்டு அலமாரியில் வைக்கும் விரிப்புக்கு 54,750 தான். சுவரில் பாதுகாக்கப்படும் துணி, சாப்பாட்டுக்குப் பயன்படும் துணியைவிட 20 மடங்கு ஒளியால் அடிபடுகின்றது! கண்ணாடி காக்கும் என்பர். சாதாரணக் கண்ணாடி குற்றலைப் புறஊதாவைத்தான் பெரிதும் தடுக்கும்; மிச்சமுள்ளதைத் தாராளமாக உள்ளே விடும்.

மேஜையில் போட்டால் குழம்புக் கறை படும், துவைக்க வேண்டுமே என்று கேட்கலாம். துவைப்பதில் கேடு குறைவு. நனைந்த லினன் வலுவானது. கேடு கொடியில் உலர்த்துவதில் இருக்கின்றது. நேர் வெயில் 1,00,000 லக்ஸ் அளவு இருக்கும். ஓர் அருங்காட்சியக ஆண்டு முழுதும் படும் ஒளி வெயிலில் 1 மணி 12 நிமிடத்தில் பட்டுவிடும். வாரம் ஒருமுறை துவைத்து ஒரே ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் ஆண்டுக்கு 52,00,000 லக்ஸ்-மணி. 43 அருங்காட்சியக ஆண்டுகளுக்குச் சமம். வெயிலின் புறஊதாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஐரோப்பாவில் முற்காலத்தில் லினனை வெளுக்க அதைப் புல்வெளியில் வாரக்கணக்கில் விரித்துவைத்தனர் என்பதை எண்ணிப்பார்த்தால் வியப்பில்லை. நாரை வெளுத்த வெயில் பூவை மட்டும் விட்டுவிடுமா? ஆகவே நிழலில், உட்புறம் வெளியே தெரியுமாறு உலர்த்த வேண்டும்.

மடிப்பைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். ஆளி நாரின் தடிமன் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். பெட்டி போட்டுக் கூரிய மடிப்பாக்கும்போது நாரின் மையக்கோடு 0.1 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவதாகக் கொண்டால், வெளிப்பக்கத்தின் திரிபு 0.01-ஐ 0.1-ஆல் வகுக்க, 10 விழுக்காடு. நார் தாங்குவதோ 2, 3 விழுக்காடு. ஒரே மடிப்பில் மீண்டும் மீண்டும் பெட்டி போட்டால் அந்தக் கோட்டில் நார்கள் அறுவது உறுதி. 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் சுற்றிவைத்தால் திரிபு 0.02 விழுக்காடுதான். பழைய விரிப்பை மடிக்காமல் சுருட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

சோழமண்டலக் கரையின் நீல இலைகள்

பூவும் கொடியும் நிறைந்த துணி மீது ஐரோப்பியர் மோகம் கொண்டதே நம் கரையிலிருந்து போன சரக்கால் என்று சொல்ல வேண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் பருத்தித் துணியில் கையால் தீட்டிய பூமரத் துணிகள் கப்பல் கப்பலாகச் சென்றன. உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்ஸ் 1686-இல் அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தின் தடை 1701-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய அச்சுக்காரர்கள் அந்தப் பூக்களைப் பார்த்தே தம் வடிவங்களைத் தொடங்கினர். வீராவும் யோப்ஸ் சகோதரிகளும் வரைந்தவை தத்தம் சொந்தப் பூக்கள்தாம்; ஆயினும் துணியில் தோட்டம் போடலாம் என்ற எண்ணத்துக்கு அவ்வளவு நீண்ட வழி உண்டு.

அந்தச் சோழமண்டலத் துணிகள் பல லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிவப்பு இன்னும் சிவப்பாக இருக்கின்றது. சாயவேரும் படிகாரமும் அவ்வளவு உறுதி. இலைகள் பல நீலமாகக் காண்கின்றன. நம் சாயக்காரர் இலையை நீலமாகத் தீட்டவில்லை. அவுரி நீலத்தின்மேல் ஒரு மஞ்சளைத் தீட்டிப் பச்சையாக்கினார். அவுரி நின்றது, மஞ்சள் போயிற்று.

உங்களிடமோ தெரிந்தவரிடமோ மடித்துத் தைத்த விளிம்புள்ள பழைய அச்சு விரிப்பு இருந்தால், தையலை மெல்ல விலக்கி மடிப்பின் உட்புறத்தைப் பாருங்கள். இலை விளிம்புவரை வந்திருந்தால், ஒளி புகாத அந்த அரை விரல் அகலத்தில் அச்சிட்ட நாளின் பச்சை அப்படியே இருக்கக்கூடும்.